வலது காதுக்கு ஒரு கும்மிப் பாட்டு

நிட்டிங் கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்குக் காது அடைத்தால் முதலில் தோன்றுவது பஞ்சுதான். எனக்கும் அதுதான் தோன்றியது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். திருப்பூரை அடுத்த முதலிபாளையம் பக்கம் ஏதோ ஒரு ஷெட்டில் என்னைப் போல ஒருவர் இந்நேரம் காதில் பட்ஸை விட்டுக் குடைந்துகொண்டிருக்கலாம். அவர் அதைக் கீழே போட்டுவிட்டு ஒரு காது டாக்டரைப் போய்ப் பார்த்தால் போதும், நான் எழுதியதற்குப் பலன் கிடைத்துவிடும்.

என் பெயர் பொன்னுச்சாமி. வட்ட நிட்டிங் மெஷின் ஓட்டுகிறேன். மேலே கோன்களிலிருந்து நூல் இறங்கும், நடுவில் ஊசிகள் பின்னும், கீழே துணி ரோலாகச் சுருண்டுகொண்டே வரும். நாள் முழுக்க இரைச்சல். பஞ்சு தலைமுடி, புருவம், மூக்கு, காது என்று ஓர் இடம் பாக்கி வைக்காது. ஷிப்ட் முடிந்ததும் மெஷினைச் சுத்தம் செய்கிற காற்றுக் குழாயையே எடுத்து உடம்பின் மேல் அடித்துக்கொண்டு கிளம்புவோம். அப்படிச் செய்யக்கூடாது என்று சுவரில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். எழுதியிருக்கிறது, அவ்வளவுதான்.

சாயங்காலம் கும்மி. எங்கள் பக்கத்தில் இப்போது ஊருக்கு ஊர் வள்ளி கும்மிக் குழு உண்டு. வட்டமாக நின்று, வள்ளியும் முருகனும் தினைக்காட்டில் சந்தித்த கதையைப் பாடிக்கொண்டே கைதட்டி ஆடுவார்கள். முதலில் சேர்ந்தவள் என் மனைவி சரசுதான். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் அடித்துவிட்டு வந்து, அதற்கு மேல் ஆட்டம் வேறு என்று நான் கிண்டல் செய்வேன். அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, வண்டி மேலேயே உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் குழுவுக்குச் சொல்லித் தருகிற கவிதா என்னைவிடச் சின்னப் பெண். பகலில் ஏதோ எக்ஸ்போர்ட் ஆபீசில் வேலை. ஒருநாள் மைக்கிலேயே சொல்லிவிட்டாள்.

“அண்ணா, வண்டியில உக்காந்துட்டே காலை ஆட்டறதுக்கு, எறங்கி வந்து ஆடுனா என்னுங்?”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் கால் எனக்குத் தெரியாமலே தாளம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. இறங்கினேன். அதற்குப் பிறகு சரசுவுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் நான் மட்டும் போய்விட்டு வருவேன். மெஷின் முன்னால் நிற்கும்போது அது சொல்கிறபடி நான் கேட்க வேண்டும். அந்த வட்டத்துக்குள் என் கையும் காலும் எனக்கே சொந்தம். நாற்பத்தைந்து வயதில் எனக்குப் பாட வரும் என்று தெரிந்துகொண்டேன். கவிதா கட்டிய ஒரு பாட்டில் பெண்கள் “பரணு மேல நின்ன புள்ள கல்லு எறியாதே” என்று எடுப்பார்கள். ஆண்கள் பக்கம் நான்தான் முதல் குரல் கொடுத்து “எறிஞ்ச கல்லு எம்மேல பூவா விழுந்ததே” என்று வாங்குவேன். அந்த இடத்தில் சரசு என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பாள். கல்யாணமான புதிதில்கூட அப்படிச் சிரித்ததில்லை.

கோயில் திடலில் அரங்கேற்றம் வைக்க நாள் குறித்திருந்த சமயத்தில்தான் இது வந்தது.

காலை ஷிப்டில் நின்றுகொண்டிருந்தேன். மெஷின்கள் எல்லாம் இடது பக்கமாக நகர்ந்துபோய்விட்ட மாதிரி இருந்தது. வலது காதில் தண்ணீர் புகுந்த மாதிரி அடைப்பு, உள்ளே ‘ஊங்’ என்று ஓயாத ஒரு சத்தம். பஞ்சு என்று முடிவு கட்டினேன். காற்றுக் குழாயைக் காதோரம் பிடித்து ஒரு அடி அடித்தேன். தலை கிறுகிறுத்ததுதான் மிச்சம். வீட்டில் சரசு பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி விட்டாள். மருந்துக்கடையில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். பக்கத்து மெஷின்காரர், “பஞ்சு ஊறுனாத் தானா வந்துருமுங்க” என்றார். நானும் ஊறட்டும் என்று நாட்களைக் கடத்தினேன். எங்கள் ஷெட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம், பாதிப் பேச்சைக் கைச்சாடையிலேயே முடித்துவிடுவோம். அங்கே ஒருவனுக்கு ஒரு காது போனால் யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியவில்லையே.

தெரிந்தது கும்மியில்தான். கவிதா மைக்கோடு வட்டத்துக்குள் சுற்றி வருவாள். அவள் எந்தப் பக்கமிருந்து குரல் கொடுக்கிறாளோ, அந்தப் பக்கம் எல்லோரும் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்ப வேண்டும். நான் எதிர்ப்பக்கம் திரும்பிச் சரசு மேல் மோதினேன். சிரித்தார்கள். மறுபடி மோதினேன். இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். கவிதா பாட்டை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தாள்.

“கண்ணை மூடிக்குங்ணா. நான் எந்தப் பக்கம் கை தட்டறேன்னு சொல்லுங்க.”

தட்டினாள். “இடது பக்கம்” என்றேன். மறுபடி தட்டினாள். “இதுவும் இடது பக்கந்தான்.” மூன்றாவது முறையும் அதையே சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அவள் என் வலது பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

“அண்ணா, இது பஞ்சு இல்லீங்ணா. நாளைக்கே டாக்டர்கிட்டப் போயிருங்க.”

சரசு என் முகத்தையே பார்த்தாள். “பஞ்சுன்னு சொன்னீங்களே மாமா” என்றாள்.

மறுநாள் திருப்பூரில் ஒரு காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தோம். “பொன்னுச்சாமி யாருங்க?” என்று நர்ஸ் கூப்பிட்டதும் நான் எழுந்து சுவரைப் பார்த்து நடந்தேன். சரசு சட்டையைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். அப்போது பிடித்த பயம்தான். அதுவரை காது அடைத்திருக்கிறது என்ற எரிச்சல் மட்டும் இருந்தது. யார் எங்கிருந்து கூப்பிடுகிறார்கள் என்று இனித் தெரியாமலே போய்விடுமோ என்று முதல்முறையாக நினைத்தேன்.

டாக்டரம்மா விளக்கை வைத்துக் காதுக்குள் பார்த்தார். நான் திக்கித் திணறிக் காற்றுக் குழாய் கதையைச் சொன்னேன். பக்கத்தில் சரசு பல்லைக் கடிப்பது எனக்குத் தெரியும். “நல்லவேளை, ஜவ்வு கிழியலைங்க. ஆனா இனிமே அந்த வேலை பண்ணாதீங்க” என்றார். பிறகு இரும்புக் கவை போல ஒன்றைத் தட்டி, அதன் அடியை என் நெற்றி நடுவில் வைத்தார்.

“சத்தம் எந்தக் காதுல கேக்குதுங்க?”

“இடது காதுலைங்க.”

அவர் முகம் மாறியது. பிறகு பொறுமையாக விளக்கினார். பஞ்சோ அழுக்கோ அடைத்திருந்தால், நெற்றியில் வைக்கிற சத்தம் அடைத்த காதில்தான் பெரிதாகக் கேட்குமாம். நல்ல காதுக்கு ஓடுகிறது என்றால் கோளாறு உள்ளே இருக்கிற நரம்பில். திடீரென்று காது நரம்பு செயலிழந்துபோவது சிலருக்கு வரும், பெரும்பாலும் காரணம் தெரியாது என்றார். ஸ்டீராய்டு மருந்தால் திரும்பக் கொண்டுவரப் பார்க்கலாம், எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

“நீங்க கொஞ்சம் லேட்டுங்க. ஆனா கை விட்டுப் போற அளவுக்கு லேட் இல்லை. சிலருக்கு முழுசா வரும், சிலருக்குப் பாதி வரும், சிலருக்கு வராமலும் போகும். இப்பவே என்னால உறுதி சொல்ல முடியாதுங்க.”

எண்ணெய் ஊற்றியதும், ஊறட்டும் என்று இருந்ததும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

அடுத்தது காது கேட்கும் அளவைப் பார்க்கிற சோதனை. சத்தம் புகாத சின்ன அறையில் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். ‘பீப்’ கேட்டால் அழுத்த வேண்டும். இடது காதுக்கு மளமளவென்று அழுத்தினேன். வலது காது வந்ததும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று சும்மா உட்கார்ந்திருக்க மனம் வரவில்லை. இந்நேரம் ஒன்று வந்திருக்கும் என்று கும்மித் தாளக் கணக்கு வைத்து நானாக அழுத்த ஆரம்பித்தேன். கதவைத் திறந்துகொண்டு, சோதனை செய்கிற பெண் வந்துவிட்டாள்.

“ஐயா, நான் சத்தமே குடுக்கலை. நீங்க எதுக்கு அழுத்தறீங்க?”

“கேட்ட மாதிரி இருந்துதுங்க” என்றேன். பரீட்சையில் பார்த்து எழுதிப் பிடிபட்டவன் கணக்காக என் முகம் இருந்திருக்கும். பாவம், அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். வந்த தாளில் இடது காதின் கோடு மேலேயே போனது. வலது காதின் கோடு அடியில் கிடந்தது.

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். அபூர்வமாக, காது நரம்பின் மேல் சின்னக் கட்டி இருந்தாலும் இப்படி ஆகும். இருக்காது என்றுதான் நினைக்கிறார், ஆனாலும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம். எனக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. ஸ்டீராய்டு அதைத் தாறுமாறாக ஏற்றிவிடும், அதனால் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துத்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்றார். கட்டி என்ற சொல்லுக்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் எனக்குள் போகவில்லை. சரசுதான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“மொகத்தை இப்படித் தூக்கி வெச்சுக்காதீங்க மாமா. ஸ்கேன் எடுக்கறவனே பயந்துக்குவான்.”

இவளுக்குப் பயமே கிடையாதா என்று எனக்குக் கோபம் வந்தது. இந்த நேரத்தில் இவளுக்குக் கிண்டல் கேட்கிறது.

ஸ்கேன் என்பது ஒரு குகைக்குள் படுக்கவைத்துத் தலையை அசையாமல் பூட்டிவிடுவது. காந்தத்தால் தலைக்குள் படம் எடுக்கிறார்கள், வலி ஒன்றுமில்லை. ஆனால் சத்தம் இருக்கிறதே! டொக் டொக் என்று ஆரம்பித்து, நின்று, வேறு வேகத்தில் கிர்ரென்று ஓடும். ஊசி உடைந்த மெஷினை நிறுத்தாமல் ஓட்டினால் வருகிற சத்தம். முப்பது வருஷம் மெஷின் ஓட்டியவனுக்கு அந்தச் சத்தம் கேட்டால் எழுந்துபோய் நிறுத்தச் சொல்லிக் கை பரபரக்கும். அசையவோ கூடாது. பயத்தை அடக்க அந்த டொக்டொக்குக்கே கும்மி அடி வைத்துப் பார்த்தேன், மனசுக்குள்தான். மனசுக்குள் என்று நான் நினைத்தேன்.

“காலை ஆட்டாதீங்க! படம் கலங்குது, மறுபடி எடுக்கணும்” என்று ஸ்பீக்கரில் குரல் வந்தது. அந்தக் குகைக்குள் மறுபடியும் முதலிலிருந்து.

ரிசல்ட் வரும்வரை சரசு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூச் செய்துகொண்டிருந்தாள். பனியன் துணி வெட்டும்போது விழுகிற கழிவுத் துணியை நாடாவாகக் கிழித்து, சுருட்டி, அடியில் இரண்டு தையல் போட்டால் ரோஜா. அரங்கேற்றத்துக்குக் குழுவில் பெண்கள் எல்லோர் கொண்டையிலும் அந்தப் பூதான். சிவப்பு, மஞ்சள், எந்த நாட்டுக்காரனோ ஆர்டர் கொடுத்த நீலம் என்று கலர் கலராக ஒரு பை நிறைய வைத்திருப்பாள். வீட்டில் செய்ததெல்லாம் நன்றாக மலர்ந்த பூக்கள். ஆஸ்பத்திரியில் செய்ததெல்லாம் இறுக்கிச் சுருட்டி மொட்டாகவே இருந்தது. பிரிப்பாள், மறுபடி சுருட்டுவாள், மறுபடியும் மொட்டுதான். நான் அதைப் பார்த்தேன். என்னவென்று யோசிக்கவில்லை.

கட்டி இல்லை என்று டாக்டரம்மா வந்து சொன்னார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். சரசு, “இட்லியை ஏனுங்க பாதியில வெச்சிட்டீங்க?” என்று என்னை அதட்டிவிட்டு எழுந்து போனாள். வெகுநேரம் கழித்துத்தான் திரும்பி வந்தாள். முகம் கழுவியிருந்தாள். வெயில் என்று சொன்னாள்.

உயிர்ப் பயம் போனதும் காதுப் பயம் பெரிதாக வந்து உட்கார்ந்துகொண்டது. எதிர்க்கட்டில்காரர் செல்போனில் பழைய பாட்டாகப் போடுவார். எனக்குப் பிடித்த பாட்டுகள்தான். இப்போது அவை துணியில் ஒரு பக்கம் மட்டும் சாயம் ஏறின மாதிரி இருந்தன. மிச்ச இடத்தில் அந்த ‘ஊங்’. கேட்கக் கேட்கத் தலை வலித்தது. “பாட்டை நிறுத்துங்க” என்று ஒருநாள் கத்திவிட்டேன். கத்திய பிறகு பயந்துபோனேன். நான் பாட்டை நிறுத்தச் சொல்கிற ஆளா? காது போனால்கூடப் பரவாயில்லை, பாட்டே பிடிக்காமல் போய்விட்டால் சாயங்காலம் வீட்டுக்கு வந்து நான் என்ன செய்வேன்?

மகள் தாரணி காலேஜ் விட்டு வந்து என் செல்போனில் என்னவோ மாற்றினாள். “அப்பா, இப்ப ரெண்டு பக்கத்துச் சத்தமும் ஒரே காதுல வரும், கேளுங்க” என்று கும்மிப் பயிற்சியைப் பதிவு செய்ததைப் போட்டாள். பெண்கள் எடுத்தார்கள். ஆண்கள் வாங்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் வெறுமையாக இருந்தது, பிறகுதான் மற்றவர்கள் சேர்ந்தார்கள்.

“உங்க எடத்தை அப்படியே உட்டு வெச்சிருக்காங்கப்பா. கவிதாக்கா வேற யாரையும் நிக்க உட மாட்டேங்குது.”

நான் இயர்போனைக் கழற்றிவிட்டேன். நிரப்ப முடியாத இடத்தை எதற்கு விட்டு வைக்கிறார்கள் என்று தோன்றியது.

மாத்திரையில் முன்னேற்றம் இல்லை என்று காதுக்குள்ளேயே ஊசி போட ஆரம்பித்தார்கள். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வேண்டும். வலது காதை மரத்துப்போகச் செய்து, ஜவ்வுக்குள் மெல்லிய ஊசியை விட்டு மருந்தை உள்ளே நிரப்புவார்கள். இறங்கும்போது கட்டிலோடு சேர்ந்து உலகமே சுற்றும். அதன் பிறகு மருந்து தொண்டைக்கு வடிந்துவிடாமல் இருக்க, எச்சில்கூட விழுங்காமல், பேசாமல், அப்படியே கிடக்க வேண்டும். நல்ல காது தலையணைக்குள் புதைந்திருக்கும். மேலே இருப்பதோ செத்த காது. அந்த அரைமணி நேரமும் எனக்கு உலகத்தில் சத்தமே கிடையாது. பேச்சில்லை, நர்சின் செருப்புச் சத்தமில்லை, ஃபேன் சத்தமில்லை. செத்தால் இப்படித்தான் இருக்குமோ என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன்.

சரசு ஒரு ஏற்பாடு சொன்னாள். நான் அப்படிக் கிடக்கும்போது அவள் என் வலது காதில் “பரணு மேல நின்ன புள்ள” பாடுவாள். எழுந்த பிறகு கேட்டதா இல்லையா என்று நான் சொல்ல வேண்டும். டாக்டரம்மாகூடச் சிரித்துக்கொண்டே, “நல்ல டெஸ்ட்டுதாங்க” என்றார். ஊசி போட்ட நாளெல்லாம் அவள் குனிந்து என் காதோரம் வருவாள். மூச்சு மட்டும் சூடாகப் படும். அவள் முகம் எனக்குத் தெரியாது, மடியில் இருக்கிற துணிப் பூக்கள்தான் தெரியும். எழுந்ததும், “கேட்டுதுங்களா?” என்பாள். “இல்லை” என்பேன். “சரி, நாளைக்குக் கேக்கும். டீ வாங்கிட்டு வரட்டுங்களா?” என்பாள். ஏதோ பஸ் தவறிப்போனது போல அவ்வளவு சாதாரணமாகச் சொல்வாள். இவளால் எப்படி முடிகிறது என்று எரிச்சலாகக்கூட இருக்கும்.

இதுதான் கடைசி ஊசி என்று சொன்ன அன்றைக்கும் அப்படித்தான் படுத்திருந்தேன். இதற்கும் வராவிட்டால் அவ்வளவுதான். மருந்து இறங்கி, கட்டில் சுற்றி, மெதுவாக நின்றது. சரசுவின் மூச்சு காதில் பட்டது. மூச்சோடு சேர்ந்து ஏதோ வந்தது. தகரப் பீப்பாய்க்குள்ளிருந்து யாரோ பேசுவது போல, கரகரவென்று. இன்றைக்கும் அந்தக் காதில் எல்லாக் குரலும் அப்படித்தான் வருகிறது, முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் வந்தது குரல். சரசுவின் குரல். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாட்டுக்காகக் காத்திருந்தேன்.

பாட்டு இல்லை.

“...பயமா இருக்குதுங்க மாமா” என்றாள். நடுவில் கொஞ்சம் விட்டுப்போனது. “...ராத்திரியெல்லாம் முழிச்சுட்டேதான் கெடக்கறேன்... கட்டின்னு சொன்னப்ப எனக்கு உசுரே இல்லீங்க...” மறுபடி கரகரப்பு. “...நீங்க வராம நான் மட்டும் அந்த வட்டத்துல எப்பிடிங்க நிப்பேன்... எனக்கு ரொம்பப் பயமா இருக்குதுங்க.”

எனக்கு எல்லாம் புரிந்துபோனது. ஒரு நாள்கூட அவள் பாடியிருக்கவில்லை. என் முன்னால் காட்ட முடியாததை எங்கே கொண்டுபோய்ப் போடுவாள்? கேட்காத காதைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். எழுந்து அவள் கையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. பேசக்கூடாது, அசையக்கூடாது, எச்சில்கூட விழுங்கக்கூடாது. கட்டையாகக் கிடந்தேன். கண்ணீர் மட்டும் மூக்கின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கித் தலையணையை நனைத்தது. ஊசி வலி என்று நினைத்து அவள் துடைத்துவிட்டாள்.

நேரம் முடிந்து எழுந்து உட்கார்ந்தேன். சரசு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வழக்கமான அதட்டலுக்கு வந்திருந்தாள்.

“கேட்டுதுங்களா?”

“கேட்டுது.”

அவள் கையிலிருந்த பூ அப்படியே நின்றது. “சும்மா சொல்லாதீங்க. என்ன கேட்டுதுன்னு பாடிக் காட்டுங்க, பாக்கலாம்.”

“நீ பாடவே இல்லையே சரசு.”

என்னையே பார்த்தாள். முகம் ஒரு நொடி வெட்கத்தில் சிவந்தது, பிறகு என்னவோ ஆனது. மடியிலிருந்த பூக்களெல்லாம் உருண்டோட, கட்டிலடியில் சரிந்து உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தாள். அத்தனை நாள் அழுகையையும் சேர்த்து அழுதாள். சத்தம் கேட்டு நர்ஸ் ஓடி வந்தார்.

“என்னாச்சுங்க? வலிக்குதுங்களா?” என்று பின்னாலிருந்து கேட்டார்.

நான் வலது பக்கமாகத் திரும்பினேன். அவர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.